முப்பத்திரண்டு சைபர்

எண்பதுகளின் கடைசியில், பாண்டிச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதபோது நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் மரக்காணம். அப்பா இல்லை. அம்மா உப்பளத்தில் உப்பு வாரிக் கூடையில் சுமந்துதான் என்னைப் பிளஸ் டூ வரை படிக்க வைத்தாள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்ததால் இந்த வேலை கிடைத்தது. தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய், வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, ஏ.சி. குளிரில் நடுங்கிக்கொண்டே உட்காருவேன். காகிதத்தில் இருக்கும் எண்களைப் பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். திரையில் பச்சை எழுத்தில் விழும். அவ்வளவுதான் என் வேலை.

அந்தச் சமயத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து பெரிய வேலை ஒன்று வந்தது. கடலோர ஊர்களில் ஜனங்களுடைய பல் எப்படி இருக்கிறது என்று மாணவர்கள் கேம்ப் போட்டுப் பார்த்து எழுதிய படிவங்கள். ஓர் ஆளுக்கு ஒரு காகிதம். மேலே பெயர், வயது, தகப்பன் அல்லது கணவன் பெயர், தெரு. கீழே பல்லுக்கு ஒன்றாக முப்பத்திரண்டு கட்டம். நல்ல பல் என்றால் 0, சொத்தை என்றால் 1, பல்லே இல்லை என்றால் 4. இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினால் எந்த ஊருக்குப் பல் டாக்டர் தேவை என்று அதுவே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுமாம்.

இதற்குப் பொறுப்பாக இருந்த டாக்டர், கல்லூரியில் பேராசிரியர். கம்ப்யூட்டர் என்றால் அவருக்கு அப்படி ஒரு பக்தி. சென்டருக்கு வந்தால் சாமி சன்னதியில் நிற்கிற மாதிரி திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மனிதன் எண்ணினால் கண் அசந்துவிடும், இது அசராது, இனிமேல் டாக்டர்களுக்கு இதுதான் மூளை என்று எங்களிடம் சொல்லுவார். கூட வரும் மாணவர்கள் அவர் தலை மறைந்ததும் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது வெறும் டப்பா. சொத்தைப் பல்லை டப்பா வந்து பிடுங்குமா என்று ஒருவன் கேட்டது என் காதிலேயே விழுந்தது.

மரக்காணத்தில் கேம்ப் நடந்த அன்றைக்கு அம்மா பாதி வேலையில் கிளம்பிப் போய் பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றிருக்கிறாள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை, ஆனால் அவளுக்கு மேல்வரிசையில் ஒரு பல்கூடக் கிடையாது. கீழேயும் நாலைந்துதான். வலி வந்தால் கிராம்பை அடக்கிக்கொள்வாள், புகையிலையை வைப்பாள், கடைசியில் ஆடுகிற பல்லைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். திண்டிவனத்துக்கோ பாண்டிக்கோ பஸ் ஏறிப் பல் டாக்டரைப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது? சோற்றைக் குழம்பில் ஊறப்போட்டுக் குழைத்துத்தான் சாப்பிடுவாள். இந்தக் கணக்கு எடுத்தால் நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கே பல் டாக்டர் வருவார், பல்செட் கட்டிக் கொடுப்பார்கள் என்று கேம்ப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான்தான் அந்தக் காகிதங்களை அடிக்கிறேன் என்றதும் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது, "என் பல்லு கணக்கு உன் மெஷின்ல வந்துட்ச்சா?" என்று கேட்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மாவின் பெயர், பக்கத்தில் அப்பாவின் பெயர், எங்கள் தெரு. ஆசையாகக் கீழே பார்த்தேன். முப்பத்திரண்டு கட்டத்திலும் சைபர். எல்லாமே நல்ல பல்.

முதலில் ஏதோ கை தவறி எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்த காகிதத்தைப் புரட்டினேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா; முன்பல் இரண்டும் போனவர். அவருக்கும் முப்பத்திரண்டு சைபர். அதற்கடுத்தது, அதற்கடுத்தது எல்லாம் அப்படியே. ஒரே கையெழுத்து, ஒரே மாணவனின் நம்பர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெயிலில் நிற்க வைத்துப் பெயரை வாங்கிக்கொண்டு, மரத்தடியில் உட்கார்ந்து வரிசையாகச் சைபர் போட்டிருக்கிறான்.

சூப்பர்வைசரிடம் காட்டினேன். காகிதத்தில் இருப்பதை அடிப்பதுதான் உன் வேலை, சரியா தப்பா என்று பார்ப்பது உன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் டாக்டர் வந்தபோது, சூப்பர்வைசர் முறைத்தும் கேட்காமல் எழுந்து போய் அவரிடமே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். ஒரே பெயரில் ஊரில் நாலு பேர் இருப்பார்களாம். தப்பான எண் இருந்தால் கம்ப்யூட்டரே நிறுத்திவிடுமாம். அதோடு விட்டாரா? பாதிக் கணக்கை அச்சடித்துப் பார்த்ததிலேயே தெரிந்துவிட்டதாம், உப்பள ஜனங்களுக்குப் பல் ரொம்பக் கெட்டியாம். "உப்புலயே இருக்கறவங்க இல்லையா, அதான்," என்றார். அதைப் பற்றி டாக்டர்கள் கூட்டத்தில் பேசப்போகிறாராம்.

பஸ்ஸில் வரும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் வெடித்துக் கிடக்கிற ஜனங்களைப் பார்த்து, உங்களுக்குப் பல் கெட்டி என்று ஒருவர் கூட்டம் போட்டுச் சொல்லப்போகிறார். அதற்கு ஆதாரம் நான் அடித்துக் கொடுத்த எண்கள்.

வெள்ளிக்கிழமை அவர் பிரிண்ட் எடுத்துப் போக வருவது தெரியும். அன்றைக்கு அம்மாவை வேலைக்குப் போகவிடாமல் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே செருப்பை விட்டுவிட்டு, அந்தக் குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரிண்டர் கிர்கிர் என்று ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரும் மூன்று மாணவர்களும் உள்ளே வந்தார்கள். சூப்பர்வைசர் என்னை வெளியே வரச் சொன்னார். நான் நகரவில்லை. படிவத்தை டாக்டர் கையில் கொடுத்து, இது என் அம்மா, வேறு ஆள் இல்லை, நீங்களே பாருங்கள் என்றேன்.

அவர் பெயர் கேட்டார், அம்மா சொன்னாள். கணவன் பெயர் கேட்டார்; அதை அவள் வாயால் சொல்ல மாட்டாள், என்னைப் பார்த்தாள், நான் சொன்னேன். பிறகு அம்மா தானாகவே வாயைத் திறந்தாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்துக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கீழ் ஈறில் ஓர் இடத்தைத் தொட்டதும் அம்மா முகத்தைச் சுளித்தாள். அங்கே வலிக்கிறதா என்று கேட்டார். ஒரு டாக்டர் அவளிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"கேம்ப்ல யாரும் பாக்கலையா?" என்றார்.

"அந்தத் தம்பி வாயத் தொறக்கவே சொல்லலீங்க," என்றாள் அம்மா. "பேரு கேட்டுச்சு, வயசு கேட்டுச்சு, நீ போம்மான்னு சொல்லிடுச்சு."

படிவத்தில் இருந்த நம்பர் அந்த மூவரில் ஒருவனுடையதுதான். அன்றைக்கு டப்பா என்று சிரித்தவன். டாக்டர் அவன் பக்கம் திரும்பினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தான்.

"கம்ப்யூட்டர்தானே சார் படிக்கப் போவுது. மனுஷங்க யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சிட்டேன்."

அந்த வார்த்தையைக் கேட்டபோது வந்த கோபத்தை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன். ஒருத்தருக்கு மெஷின் சாமி, அது சொன்னால் சரி. இன்னொருத்தனுக்கு அது டப்பா, அதில் எதை வேண்டுமானாலும் கொட்டலாம். ஒருத்தர் டாக்டர், இன்னொருத்தன் டாக்டராகப் போகிறவன். இரண்டு பேருக்குமே ஒரு பொம்பளையின் வாய்க்குள் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

டாக்டர் எங்கள் ஊர்ப் படிவக் கட்டை மட்டும் தனியே எடுத்து வைத்தார். அடுத்த மாதம் மறுபடியும் கேம்ப் நடந்தது. இந்த முறை வந்த மாணவிகள் டார்ச் அடித்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தார்கள். அம்மாவுக்குக் கல்லூரியிலேயே இலவசமாகப் பல்செட் கட்டிக் கொடுத்தார்கள். அது கடைசிவரை அவளுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. கல்யாணம் காட்சிக்குப் போட்டுக்கொண்டு போவாள், பந்தியில் உட்காரும்போது கழற்றி மடியில் முடிந்துகொள்வாள். ஆஸ்பத்திரிக்குப் பல் டாக்டர் வர இன்னும் பல வருஷம் ஆனது.

சமீபத்தில் கடைவாய்ப்பல் வலிக்கிறது என்று ஒரு கிளினிக்குக்குப் போனேன். இளம் டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். பல்லில் சிவப்பாக வட்டம் போட்டிருந்தது. ஏ.ஐ. கண்டுபிடித்துக் கொடுத்தது என்று சந்தோஷமாகச் சொன்னார். நல்லதும்மா, நீங்களும் ஒரு தடவை உள்ளே பாருங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். எனக்குத்தான் உண்மை தெரியும். எங்கள் ஊர்க் கட்டுக்கு முன்னால் பிரம்மதேசம் பக்கத்துக் கட்டு ஒன்றை அடித்தேன். அதிலும் பக்கம் பக்கமாகச் சைபர்தான். ஒரே கீயைத் தட்டினால் போதும், வேலை சீக்கிரம் முடிகிறதே என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் திரும்பும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. மறுநாள் சொன்னபோது, அந்தப் பிரிண்ட் முந்தைய வாரமே போய்விட்டது என்றார்கள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தச் சைபர்களுக்கு அடியில் எத்தனை பேர் வலியோடு இருந்தார்களோ! அம்மாவின் பெயர் மட்டும் எங்கள் ஊர்க் கட்டுக்குள் வராமல் இருந்திருந்தால் அதையும் அவர்களுடையதைப் போலவே அடித்து முடித்துவிட்டு நிம்மதியாக பஸ் ஏறியிருப்பேன் என்பதுதான் இத்தனை வருஷம் கழித்தும் என்னை உறுத்துகிறது.