தேவையில்லாத தோட்டா எது

செயின்ட்-மிஷேலில் நான் வேலைசெய்த தையல் தொழிற்சாலையில் இரண்டு மெக்கானிக்குகள் இருந்தார்கள். இருவரும் கியூபெக்காரர்கள், வேட்டைப் பைத்தியங்கள். இலையுதிர்காலம் வந்துவிட்டால் சாப்பாட்டு நேரம் முழுக்கத் தோட்டாப் பேச்சுத்தான். 308 தோட்டா இருக்கும்போது 30-06 எதற்கு, இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன என்பார் இளையவர். இரண்டும் இருக்கட்டும், பழைய 30-30ஐத்தான் முதலில் விட்டொழிக்க வேண்டும் என்பார் மூத்தவர். காட்டுக்குள் கிட்டப் போய்ச் சுட அது போதும் என்று இளையவர் எகிறுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விளையாட்டுச் சாமான் போலல்லவா பேசுகிறார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒருநாள் மூத்தவர் குரலைத் தணித்து, காரணத்தைச் சொன்னார். போன வருடம் 30-30ஆல் அவர் சுட்ட மான் விழாமல் ஓடிவிட்டதாம். இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பொழுதுபடும்வரை தேடிப்போனாராம். அந்தச் சீவன் அவ்வளவு நேரம் துடித்தது தன்னால்தான் என்றார்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மன்னார் அண்ணை என் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, சாப்பிடேல்லையோ?"

"பேந்து சாப்பிடுறன் அண்ணை."

ஊரில், வயிற்றில் துப்பாக்கிச் சூடுபட்டு, எங்கள் வீட்டு விறாந்தையில் என் தம்பியும் பொழுதுபடும்வரை துடித்துக்கொண்டுதான் கிடந்தான். அவனைச் சுட்டவன் அதை எங்காவது, யாரிடமாவது, இப்படிக் குரலைத் தணித்துச் சொல்லியிருப்பானா?