ஆறு மணிப் பிள்ளை

பாலர் பள்ளி வேலை என்றால் ஆட்டமும் பாட்டும்தானே என்று சொல்பவர்கள், ஒரு நாள்கூடப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டிருக்க மாட்டார்கள். என்னைப்போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் மலை டவுனான தானா ராத்தாவில் நடந்த ஆசிரியர் பயிற்சியில், ஆளுக்கொரு சொந்தக் கல்விக் கொள்கை எழுதி வரச் சொன்னார்கள். “பிள்ளை விளையாட்டின் வழியே கற்கிறது” என்று முதல் வரியை எழுதிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினேன்.

வீட்டு விளையாட்டு

மறுநாளே பிள்ளைகளை வீடு வைத்து விளையாட விட்டேன். ஒருத்தி சமைத்தாள், ஒருவன் லோரி ஓட்டினான். நான்கு வயது தர்ஷினி மட்டும் பொம்மையை அட்டைப்பெட்டிக்குள் படுக்கவைத்து மூடினாள். மேலே ஒரு மரக்கட்டையைத் தூக்கி வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். பாப்பா அழுமே என்று கேட்டேன்.

“அழுதுட்டு அதுவே தூங்கிரும் டீச்சர். அம்மா பெரட்டுக்குப் போவணும்.”

சுமதியிடம் போன கோபம்

காலை ஆறு மணிக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பள்ளி திறப்பதோ எட்டு மணிக்கு. தர்ஷினியின் அம்மா சுமதி கொழுந்து வெட்டுகிறவள். இடையில் மலையிலிருந்து ஓடி வந்துதான் பிள்ளையைப் பள்ளியில் விடுகிறாள். அதுவரை பிள்ளை லயத்து வரிசை வீட்டுக்குள், வெளியே பூட்டு. அப்பா காய்கறி லோரி ஓட்டுகிறவர், வாரக் கடைசியில்தான் வருவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் டவுனுக்குக் குடிபோய்விட்டார்கள். இப்படியும் ஒரு தாயா என்ற ஆத்திரத்தோடு போய்க் கேட்டேன். அவள் சண்டைக்கு வரவில்லை.

“தெறந்து வுட்டா புள்ள லோரி ரோட்டுக்குப் போயிருது டீச்சர். பூட்டுனா அழுவுது. அழுதா உசுரோட இருக்குதுன்னு அர்த்தம் லா.”

ஆயாக் கொட்டகை

முன்பு வேலைக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இங்கே ஓர் ஆயாவும் ஒரு கொட்டகையும் இருந்தன. ஆயா போனபிறகு அதில் உர மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். அதைக் காலியாக்கிக் கொடுங்கள், ஆள் பார்ப்பது என் பொறுப்பு என்று தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் கேட்டேன். நல்ல மனிதர்தான், தேநீர் கொடுத்து உட்காரவைத்துப் பேசினார்.

“புள்ளைங்க நனைஞ்சா தொடச்சு வுட்டுக்கலாம் டீச்சர். உரம் நனைஞ்சா போச்சு லா.”

மேற்பார்வையாளர்

பள்ளியையே ஆறு மணிக்குத் திறந்து தர்ஷினியை வைத்துக்கொண்டேன். ஒரு வாரம்கூட ஓடவில்லை, டவுனிலிருந்து பாலர் பள்ளி மேற்பார்வையாளர் அம்மா வந்துவிட்டார். பள்ளி நேரத்துக்கு முன்னால் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் காப்புறுதிப் பணம் கிடைக்காதாம். பூட்டிய வீட்டுக்குள் ஆனால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“அது வீட்டு விசயம். நம்ம கேட்டுக்குள்ள ஒன்னும் ஆகக்கூடாது.”

என் வீட்டுச் சமையலறை

இப்போது சுமதி பிள்ளையை என் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறாள். இதுவும் எத்தனை நாளைக்கோ, எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. முதல் நாள், பள்ளிக்குப் புறப்படச் சாவியைக் கையில் எடுத்தேன். அதைப் பார்த்ததும் தர்ஷினி செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறை மூலையில் போய்ப் படுத்துக்கொண்டாள். எழுந்து வா, பள்ளிக்குப் போகலாம் என்றேன். அவள் நம்பவில்லை.

“நானுமா டீச்சர்?”

நான் கடைசியில் எழுதிக் கொடுத்த கல்விக் கொள்கையை அடுத்த பயிற்சியில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டிப் பாராட்டினார்கள், ஆறு மணிப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு வரியை மட்டும் தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று அடித்துவிட்டு.