சிவப்புப் பட்டன் மேல் ஒட்டிய டேப்

என் மேசையின் ஓரத்தில் டிபன் பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. உப்புக் காற்று பட்டு ஒரு மூலை மஞ்சளாகிவிட்டது. நடுவில் ஒரு சிவப்புப் பட்டன், அதைச் சுற்றிக் கூட்டல் குறி போல ஒரு பசைத் தடம். கறுப்பு டேப் ஒட்டியிருந்த இடம் அது. ஒட்டியது நான். பிய்த்தது டிரைவர் அண்ணன். பார்க்கிறவர்கள் என்னவென்று கேட்டால் பழைய மாடல் என்று சொல்லிவிடுவேன். மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

அப்போது தஞ்சாவூரில் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் ஆறு பேர். விசைப்படகுகளில் பொருத்துவதற்கான பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். படகு கடலில் எங்கே நிற்கிறது என்று அது காட்டும், எல்லைக்குப் பக்கத்தில் போனால் கத்தும், ஆபத்தில் சிவப்புப் பட்டனை அமுக்கினால் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குத் தகவல் அனுப்பும். எல்லாம் சரி, பெட்டிக்குள் இருந்த நினைவகம்தான் போதவில்லை. திடீர் திடீரென்று பெட்டி உறைந்து நின்றது. பெரிய நினைவகம் போட முதலாளிக்கு மனம் வரவில்லை. எது தேவை, எது வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

அதற்காக இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்து வேவு பார்க்கும் ஒரு நிரலை எழுதினேன். விஷயம் எளிது. நினைவகம் சிறு சிறு பக்கங்களாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கத்தை யாராவது தொட்டால் அதற்கு நேரே ஒரு குறி விழும். என் நிரல் எல்லாக் குறிகளையும் அழித்துவிட்டுப் போய், ஐந்து விநாடி கழித்துத் திரும்பி வந்து எதில் மறுபடி விழுந்திருக்கிறது என்று பார்த்து எழுதும். பிறகு மறுபடியும் அழிக்கும். அடிக்கடி தொடப்படுவது சூடான பக்கம், நெடுநேரம் தொடப்படாதது ஆறிப்போன பக்கம். ஆறிப்போனவற்றைத் தூக்கி மெமரி கார்டில் போட்டுவிட்டால் நினைவகத்தில் இடம் கிடைக்கும். கார்டு மெதுவானது என்பது தெரியும். தொடாத பக்கம் மெதுவாக வந்தால் யாருக்கு என்ன என்று நினைத்தேன். அந்த நிரல் மேல் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

சோதித்துப் பார்க்கப் படகு வேண்டும். தரங்கம்பாடியில் ஒரு படகு உரிமையாளர் தருகிறேன் என்றார். மீன்பிடித் தடைக்காலம், படகு சும்மாதான் நிற்கிறது, எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கீழ்வேளூரில் நெல் வயலுக்கு நடுவில் பிறந்த எனக்குத் தடைக்காலம் என்றால் மீன் விலை ஏறும் காலம், அவ்வளவுதான். நல்லதாகப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தப் படகை ஓட்டுகிறவர்தான் டிரைவர் அண்ணன். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். கரையேற்றிய படகுக்கு நீல வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் தொடுவதற்கு முன் மண்ணெண்ணெயில் கை கழுவி, சோப்புப் போட்டு இன்னொரு முறை கழுவுவார். வர்ணத்தூசி படாமல் இருக்கப் பெட்டிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார். என்னைவிட அவருக்குத்தான் அந்தப் பெட்டி மேல் நம்பிக்கை அதிகம். மீன் ஏலக்கூடத்தில் நின்று மற்ற டிரைவர்களிடம், “இது இருந்தா நம்ம வீட்டுப் பொம்பளைங்க நிம்மதியாத் தூங்குவாங்கடா” என்று சொல்லிச் சொல்லியே ஒன்பது படகுக்காரர்களைச் சம்மதிக்க வைத்துவிட்டார்.

பெட்டியை ஓடவிட்டுக் கிளம்பும்போது நான் ஒன்று சொன்னேன். “அண்ணே, எல்லாத்தையும் அமுக்கிப் பாருங்க, மேப்பைப் பாருங்க. சிவப்புப் பட்டனை மட்டும் தொட்டுறாதீங்க. நிஜமாவே தகவல் போயிரும், கரையில எல்லாரும் பதறிப் போயிருவாங்க.”

“நான் தொட மாட்டேன் தங்கச்சி. பிள்ளைங்க ஏறி விளையாடுதுங்க, அதுக்கு என்ன பண்றது?”

பையில் கறுப்பு டேப் இருந்தது. இரண்டு துண்டு கிழித்துப் பட்டன் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். அவர் கட்டைவிரலால் ஓரங்களை அழுத்தி விட்டார்.

பதினைந்து நாள் கழித்து வந்த பதிவு கண்ணுக்கு அழகாக இருந்தது. சூடானவை ஒரு பக்கம், ஆறியவை ஒரு பக்கம், இடையில் குழப்பமே இல்லை. ஆபத்துத் தகவலை எழுதி அனுப்பும் பக்கங்கள் ஒரு தடவைகூடத் தொடப்படவில்லை. அவற்றுக்கு நேரே, கார்டுக்குப் போகலாம் என்று நானே பேனாவால் டிக் அடித்தேன். பெட்டி அதற்கப்புறம் உறையவில்லை. முதலாளி எல்லோருக்கும் அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தார்.

தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் வாரத்திலேயே டிரைவர் அண்ணன் படகில் இன்ஜின் நின்றுவிட்டது. நண்பகல். காற்று படகை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போனது. உள்ளே அவரோடு ஆறு பேர். டேப்பைப் பிய்த்துப் பட்டனை அமுக்கியிருக்கிறார். தேவையான பக்கங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் கார்டிலிருந்து வர வேண்டியிருந்தது. ஒரு நிமிடம் பெட்டி பதில் சொல்லாமல் இருந்தால் தானாக அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது இன்னொரு விதி. தகவல் பாதி எழுதப்படுவதற்குள் பெட்டி அணைந்தது. மறுபடி அமுக்கினார், மறுபடி அணைந்தது. பொழுது சாயும் நேரத்தில் அந்தப் பக்கமாக வந்த வேறொரு ஊர்ப் படகு தற்செயலாகப் பார்த்துக் கட்டி இழுத்து வந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கரைக்குத் தகவல் எதுவும் வராததால், பட்டன் சரியாக அமுக்கப்படவில்லை என்று எங்கள் அலுவலகம் படகு உரிமையாளருக்குக் கடிதம் எழுதியது. டிரைவர் பதற்றத்தில் டேப்பைக்கூட எடுக்கவில்லை என்று ஊரில் பேச்சாகிவிட்டது. ஆபத்தில் கை நடுங்குகிற டிரைவரை நம்பி யார் கடலுக்கு வருவார்கள்? உரிமையாளர் அவரைப் படகிலிருந்து இறக்கினார். ஒன்பது படகுக்காரர்களும் பெட்டியைக் கழற்றிவிட்டார்கள்.

இந்தப் பெட்டி திரும்பி வந்ததும் கார்டை எடுத்துப் பார்த்தேன். வேவு பார்க்கும் நிரலை அதிலிருந்து எடுக்க மறந்திருந்தேன். அது தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. பதினைந்து நாள் காலியாகக் கிடந்த வரிசையில், அந்த நண்பகலிலிருந்து குறி மேல் குறி. பெட்டி அணைந்து எழுந்த ஒவ்வொரு முறையும் அடுத்த சில விநாடிகளில் மறுபடி குறி. இருபத்து மூன்று முறை. அவர் கை நடுங்கியதா என்று எனக்குத் தெரியாது, நிற்கவில்லை என்று தெரியும். முதலாளியிடம் காட்டினேன். “லெட்டர் போயிருச்சும்மா, விடுங்க” என்றார். விட்டேன். பதினோரு நாள் வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். அந்தப் பதினோரு நாளுக்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான்.

பன்னிரண்டாம் நாள் பதிவை அச்செடுத்துக்கொண்டு, மாயவரத்தில் பஸ் மாறித் தரங்கம்பாடிக்குப் போனேன். உரிமையாளர் முழுவதும் கேட்டார். “வேற டிரைவர் போட்டாச்சேம்மா. இத அன்னைக்கே வந்து சொல்லியிருக்கலாம்ல?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

டிரைவர் அண்ணன் ஏலக்கூடத்தின் நிழலில் யாருடைய வலைக்கோ கிழிசல் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் கேட்கும்படியே சொன்னேன், பட்டனுக்கான பக்கங்களை எடுத்துக் கார்டில் போட்டது நான், தப்பு என்னுடையது என்று. காகிதத்தை அவரிடம் கொடுத்தேன்.

“இதுல நான் அமுக்கினது எது?”

காட்டினேன். ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். எண்ணி முடித்துப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அவரும் எண்ணினார். பிறகு அண்ணன் என்னிடம் கேட்டார், “அந்தப் பக்கத்த ஏன் தங்கச்சி எடுத்து வெளிய வச்சீங்க?”

“பதினஞ்சு நாளா அத யாரும் தொடலண்ணே. தேவையில்லன்னு நினைச்சுட்டேன்.”

“நீங்கதானே தொடாதன்னீங்க.”

அவர் காகிதத்தை நான்காக மடித்து, அடையாள அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

அவர் பிறகு கொல்லம் பக்கம் படகோட்டப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். வேலைக்குச் சேரும்போது அந்தக் காகிதத்தைக் காட்டினாராம். நான் அந்த வேலையை விட்டு இன்னொரு அலுவலகத்தில் இருக்கிறேன். இன்றைக்கும் இதே வேலைதான், எந்தப் பக்கம் சூடு, எந்தப் பக்கம் ஆறிப்போனது என்று பார்ப்பது. இப்போது இதற்கு நல்ல கருவிகள் வந்துவிட்டன. யாரும் தொடவில்லை என்று அவை தெளிவாகச் சொல்கின்றன. ஏன் தொடவில்லை என்று அவற்றுக்குத் தெரியாது. அதை நான்தான் எழுந்து போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

பெட்டியைத் துடைக்கிற நாட்களில் அந்தப் பசைத் தடத்தில் தூசி ஒட்டிக் கறுத்திருப்பதைப் பார்ப்பேன். ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தால் ஒரு நிமிடத்தில் போய்விடும். தேய்ப்பதில்லை. அது என் கை ஒட்டியது.