என் ராணியைச் சுட்ட சிப்பாய்

எண்பதுகளில் அண்ணன் துபாயிலிருந்து செஞ்சிக்கு ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். அதில் சதுரங்கம் போல ஒரு விளையாட்டு இருந்தது. காயை வெட்டினால் மட்டும் போதாது. இரண்டு காய்களும் திரையில் சண்டை போட்டு, பிழைப்பதுதான் கட்டத்தில் நிற்கும்.

நான் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தேன். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்.

"நீ ஜெயிச்சா, காலேஜுக்கு அனுப்பச் சொல்லி நைனாகிட்ட நான் பேசுறேன்" என்றான் அண்ணன்.

சதுரங்கத்தில் அவன் என்னை ஜெயித்ததே இல்லை. ஆனால் இதில் என் ராணியை அவனுடைய சிப்பாய் சுட்டுத் தள்ளியது. விரல் மரத்துப்போகும்வரை பட்டனை அழுத்தியும் தோற்றேன்.

"இன்னொரு ஆட்டம்ணா" என்று கெஞ்சினேன்.

"விளையாட்டுக்குப் போயி இன்னாத்துக்கு அழுவுற?" என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டான்.

தை மாதம் எனக்குக் கல்யாணம்.

இன்று மேல்மலையனூர் பஸ்ஸில் அண்ணனுக்கு அந்த விளையாட்டு ஞாபகம் வந்தது. "எவ்ளோ ஜாலியா இருந்துச்சு! ஆமா, அன்னிக்கு யாரு ஜெயிச்சது?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?