வண்டித் தரையில் ஐந்தாவது ஓட்டை

ஆம்பூரில் சித்திரை வெயிலில் ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து ஹீட்டர் போட்டுப் பார்த்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஒரு வெள்ளைக்காரர், அவர் மனைவி, மெக்கானிக் பாய், என் அப்பா, நான். கூடவே ஒரு நாயும் இருந்தது. அந்த நாயிடம் எனக்கு இன்றைக்கும் ஒரு கூச்சம் உண்டு.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அதுவரை ஐந்தாம் வகுப்பை யாரும் தாண்டியதில்லை. நான் தாண்டியது மட்டுமில்லாமல் இங்கிலீஷ் மீடியத்தில் தாண்டினேன். தெருவில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் சீட்டு, செல்போனுக்கு வந்த மெசேஜ் எதையாவது படிக்க வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். புரிந்ததைச் சொல்வேன். புரியாததையும் சொல்வேன். சொல்கிற தோரணையில் மட்டும் வித்தியாசம் இருக்காது. அப்பாவை வீட்டில் நைனா என்போம். வெளியாட்கள் இருந்தால் நான் 'டாடி' என்று மாற்றிக்கொள்வேன். அவரும் திரும்பிப் பார்ப்பார், கொஞ்சம் தாமதமாக.

அப்பாவுக்கு டேனரியில் தோல் காயவைக்கும் அறையில் வேலை. தகரக் குழாய் வழியாகச் சூடான காற்றை அனுப்பி ஈரத் தோலைக் காயவைக்கிற அறை அது. குழாய் எங்கே ஒழுகினாலும் அவர்தான் அடைப்பார், நசுங்கினால் அவர்தான் புதிதாகச் செய்து மாட்டுவார். விரல் அகலத்துக்கு ஒரு மெல்லிய தோல் நாடாவை வெட்டிக் காற்று வரும் இடத்தில் தொங்கவிடுவார். அது ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "இங்க கம்மி, அங்க ஜாஸ்தி" என்பார். சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அறையின் சூட்டிலும் வாடையிலும் அவருக்கு இருமல் பிடித்திருந்தது. எப்படியாவது அங்கிருந்து வெளியே வந்துவிட வேண்டும் என்று அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த பாயின் பட்டறைக்கு அந்த வண்டி வந்து நின்றது. வெளியே பார்த்தால் சின்ன லாரி. உள்ளே கட்டில், அடுப்பு, மேசை, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் இருந்தன. அதிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டு அந்த வயதான தம்பதி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் லடாக் போகிறார்கள். அந்த அம்மாளுக்குக் குளிரில் கால் மரத்துப் போகும். கட்டிலுக்கு அடியில் ஒரு ஹீட்டர் மெஷின் இருந்தது. அதிலிருந்து சூடான காற்று தரைக்குக் கீழே குழாயில் ஓடி, சல்லடை மூடி போட்ட ஓட்டைகள் வழியாக மேலே வர வேண்டும். வரவில்லை.

பாய் எஞ்சினைப் பிரிப்பார், இது அவருக்குப் பிடிபடவில்லை. அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார். "காத்து சமாச்சாரம் உனக்குத்தான்பா தெரியும். இத நீட்டா முடிச்சிக் குடு. வேனுக்கு, பஸ்ஸுக்கு ஏசி குழாய் போட்ற வேலை எனக்கு நெறைய வருது. அப்புறம் அது எல்லாம் உன்னுது."

அப்பா டேனரியை விட்டு வர அது ஒன்று போதும். பேசிப் புரியவைக்க என்னையும் அழைத்துப் போனார். ஞாயிற்றுக்கிழமை. நான் பள்ளிக்கூட ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன்.

முதலில் அப்பா சுத்தம் செய்தார். நான்கு மூடிகளையும் கழற்றிக் கையை விட்டபோது, பந்து பந்தாக நாய்முடி, மணல், பென்சில் துண்டு, கொண்டை ஊசி, எந்த நாட்டுக் காசோ இரண்டு, எல்லாம் வந்தன. கட்டிலுக்குக் கீழே பெட்டி இடித்து ஒரு குழாய் நசுங்கிக் கிடந்தது. தகரம் வெட்டிப் புதுக் குழாய் செய்து ரிவெட் அடித்தார். ஃபேனை மட்டும் ஓடவிட்டு எல்லா ஓட்டையிலும் தோல் நாடாவைத் தொங்கவிட்டார். நான்கில் நாடா மேலே பறந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு ஓட்டை. அதில் மட்டும் நாடா பறக்காமல் சல்லடையில் ஒட்டிக்கொண்டது.

பிறகு வெள்ளைக்காரர் என்னிடம் வேலையை விளக்கினார். அவருடைய இங்கிலீஷ் எங்கள் மிஸ் பேசிய இங்கிலீஷ் இல்லை. மேசையைக் காட்டினார், கட்டிலைக் காட்டினார், மெஷினைக் காட்டினார், மனைவியின் காலைக் காட்டினார். புரிந்ததா என்று கடைசியில் கேட்டார். அது ஒன்று எனக்குப் புரிந்தது. "யெஸ் சார்" என்றேன்.

"பொண்ணு இன்னாமா பேசுது" என்றார் பாய்.

அப்பா கேட்டார். "கால்மாட்ல புதுசா ஒண்ணு தொறக்கணும், ஒண்ண மூடணும். அதுவரைக்கும் கை ஜாடையிலயே தெரியுது. மூடறது எது?"

எனக்குத் தெரியாது. யோசித்தேன். காற்றே வராத ஓட்டையால் யாருக்கு என்ன லாபம்? ஐந்தாவதைக் காட்டினேன்.

அப்பா குனிந்து அதைப் பார்த்தார். "இது காத்து உள்ள போற வழியாச்சேமா. இத மூடினா மெஷினுக்கு மூச்சு முட்டும். மேசைக்கு அடியில இருக்கறதுதான் யாருக்கும் ஒதவாம கெடக்குது. இன்னொரு தபா கேளு."

இன்னொரு முறை கேட்பதென்றால் முதல் முறை புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவும் பாய் முன்னால். நான் வெள்ளைக்காரர் பக்கம் திரும்பி, பிழையில்லாத இங்கிலீஷில், உங்கள் நாயின் பெயர் என்ன என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாய் அந்த ஐந்தாவது ஓட்டைக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தது. அதை நோக்கிக் கையை நீட்டி, பெயரை இரண்டு முறை சொன்னார். நாய் தலையைத் தூக்கி, வாலால் தரையைத் தட்டியது.

"அதையேதான் மூடச் சொல்றாரு டாடி" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு நாயைப் பார்த்தார். "சரி" என்றார்.

வெள்ளைக்காரர் டீ குடிக்க இறங்கிப் போனதும், அப்பா கட்டிலின் கால்மாட்டில் புது ஓட்டை திறந்தார். பிறகு தகடு வெட்டி அந்த ஐந்தாவது ஓட்டையை மூடினார். காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் ரிவெட் அடித்தவர், இதற்கு மட்டும் நான்கு சின்ன ஸ்க்ரூ போட்டார். ரிவெட் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் ஏறிய பிறகு ஹீட்டரைப் போட்டார்கள். வெளியே வெயில், உள்ளே அனல். பாய் கைக்குட்டையைப் பிழிந்தார். புது ஓட்டையில் நாடா இரண்டு நிமிடம் ஆடியது, பிறகு சோர்ந்தது. மெஷின் உறுமியது, காய்ந்த இரும்பு வாடை வந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, தானாக நின்றுவிட்டது. வெள்ளைக்காரர் மண்டியிட்டுத் தேடித் தகட்டைக் கண்டுபிடித்தார். அவர் கழுத்து வரை சிவந்துபோயிற்று. இதை ஏன் மூடினார் என்று என்னிடம் கேட்டார்.

அந்த வாக்கியம் எனக்கு முழுதாகப் புரிந்தது. என் அப்பா படிக்கவில்லை, அவருக்குப் புரியவில்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். காலம், எழுவாய், வினை எல்லாம் சரியாக இருந்தன. அவர் கோபத்துக்கு நடுவிலும், நீ நன்றாகப் பேசுகிறாய் என்றார்.

"இன்னா சொன்ன?" என்றார் அப்பா.

"சாரி சொன்னேன்."

"இன்னாபா இது" என்றார் பாய். "இத்தினி வருஷமா இதானே வேலை உனக்கு. வந்த எடத்துல பேஜார் பண்ணிட்டியே."

"தப்பாயிடுச்சி பாய்" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். ஒரு நிமிடத்தில் நான்கு ஸ்க்ரூவும் கழன்றன. மேசைக்கு அடியில் இருந்த ஓட்டையை மூடி, அதற்கு ரிவெட் அடித்தார். மெஷின் ஆறிய பிறகு மறுபடி போட்டபோது கால்மாட்டில் நாடா நிற்காமல் பறந்தது. அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வெயிலிலும் இரண்டு பாதங்களையும் அதன் மேல் வைத்து, அப்பாவைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"இன்னா சொல்றாங்க?"

"தெரியல நைனா" என்றேன். அன்று நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

மொபெட்டில் வீட்டுக்கு வரும்போது, "நல்லா பேசின இன்னிக்கி" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பாய் அதன் பிறகு கூப்பிடவில்லை. ஏசி குழாய் வேலைக்கு ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். அப்பா இன்னும் ஒன்பது வருடம் அந்தக் காயவைக்கும் அறைக்கே போனார். நான் காலேஜ் முடித்து ஒரு ஷூ கம்பெனியில் சரக்கு வாங்க வரும் வெளிநாட்டுப் பையர்களோடு பேசுகிற வேலைக்குச் சேர்ந்த மாதம்தான் நின்றார். அவர்கள் சொல்வது புரியாவிட்டால் நான் இரண்டு முறை, மூன்று முறைகூடக் கேட்பேன். பொறுமைசாலி என்று ஆபீஸில் பெயர்.

போன மாதம் பாகாயத்தில் என் வாடகை வீட்டுக்கு அப்பா வந்திருந்தார். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வலை மூடி செய்து எடுத்து வந்திருந்தார். ஸ்டூல் மேல் நின்றுகொண்டு ஸ்க்ரூ கேட்டார்.

"ரிவெட் அடிச்சா ஸ்ட்ராங்கா நிக்குமே நைனா."

"எண்ணெப் பிசுக்கு ஏறுமேமா. கழட்ட வேண்டி வரும்னு தெரிஞ்ச எடத்துல யாரு ரிவெட் அடிப்பாங்க?" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். நான்கு ஸ்க்ரூ கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தது நான்தான். ரிவெட் டப்பா பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பட்டறையிலிருந்து வீடு வரை அது குலுங்கிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. அது என்ன சத்தம் என்று எனக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை.