அடுத்த வீட்டுக்கான ஜெபம்

என் மகள் அடிபட்டுக் கிடந்தபோது அவளுக்காக நான் செய்த முதல் ஜெபத்தில் அவளை "இந்தச் சகோதரி" என்று சொன்னேன். சொன்னது தெரியாமலேயே ஆமென் வரைக்கும் போய்விட்டேன்.

போன வருடம் ஜூலை மாதம் நடந்தது. எங்கள் வீடு கசார்வாடியில். மகள் விமான் நகரில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஸ்கூட்டரில் போய் வருவாள். அன்று காலை தாபோடி பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், மழைத் தண்ணீரில் சக்கரம் சறுக்கி விழுந்துவிட்டாள். பின்னால் வந்த டெம்போக்காரர் பிரேக் பிடித்தும் வண்டி அவளுடைய இடது தொடையில் இடித்துத்தான் நின்றது. நான் போசரியில், வேலை பார்க்கும் கம்பெனியில், லாரிக்குப் போக வேண்டிய காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மகளின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் யாரோ ஒரு பெண் மராத்தியில் படபடவென்று பேசினாள். இருபத்தைந்து வருடமாகக் கேட்டுப் பேசிப் பழகிய மொழி, அந்த நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. அம்மா என்பதற்கு அவர்கள் சொல்லும் "ஆயி" என்று அவள் என்னைக் கூப்பிட்டது மட்டும் காதில் விழுந்தது.

மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது என் கணவர் முன்னாலேயே வந்து நின்றார். கட்கியில் ஃபேக்டரி வேலையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருந்தார். சட்டைப் பையில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. தொடை எலும்பு முறிந்திருக்கிறது, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், தலையிலும் அடி இருக்கிறது, ஸ்கேன் பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் இந்தியில் சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு மூடியது. கணவர் என்னைப் பார்த்து, "ஜெபம் பண்ணு" என்றார்.

அவர் என்னிடம் அதைக் கேட்டதில் வியப்பு ஒன்றும் இல்லை. எங்கள் தமிழ்ச் சபையில் ஜெபிக்கிறவள் என்றால் நான்தான். புதன்கிழமை சாயங்காலங்களில் பெண்கள் ஐக்கியத்தார் வீடு வீடாகப் போவோம். புது வீடு, பிரசவம், வேலை கிடைக்காத பிள்ளை, ஆஸ்பத்திரிப் படுக்கை, எங்கே போனாலும் கடைசியில் ஒருவர், "அக்கா, நீங்க ஜெபிச்சு முடிங்க" என்பார். நான் கண்ணை மூடினால் வார்த்தை தானாக வரும். பதினைந்து வருடமாக வருகிறது. கட்டிலோரம் இவ்வளவு நேரம், சாவு வீட்டில் இவ்வளவு நேரம் என்று ஓர் அளவுகூட உண்டு.

அந்த நடைபாதையிலும் கண்ணை மூடினேன். வந்தது.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம். இந்தச் சகோதரியை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். மருத்துவர்களுக்கு ஞானத்தைத் தாரும். கலங்கி நிற்கிற இந்தப் பெற்றோரைத் தேற்றும். இவர்கள் கண்ணீரைத் துடைத்து, இந்தக் குடும்பத்தில் உம்முடைய சமாதானத்தைக் கட்டளையிடும்…"

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். வழக்கமாக அந்த நொடியில் அந்த வீட்டுக்காரர்கள் முந்தானையால் முகத்தைத் துடைப்பார்கள். என் கணவர் துடைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, யாரு வீட்டுக்கு வந்திருக்கோம்னு நெனச்ச?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். எனக்கு அப்போதுதான் நான் சொன்னது திரும்பக் காதில் கேட்டது. உள்ளே கிடந்தது என் பிள்ளை. கலங்கி நின்ற பெற்றோர் நாங்கள். அவர்களைத் தேற்றும்படி நான் யாரோ போலப் பக்கத்தில் நின்று சிபாரிசு செய்திருந்தேன். ஆறுதல் சொல்ல வந்த அக்கா போல. கொஞ்ச நேரத்தில் கைப்பையை எடுத்துக்கொண்டு, "வாரோம், தைரியமா இருங்க" என்று கிளம்பிவிடப் போகிறவள் போல.

மறுபடியும் கண்ணை மூடினேன். இந்த முறை என் வாயால் பேச வேண்டும் என்று நினைத்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. மூன்றரை மணி நேரம் நடைபாதையில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல் வரவில்லை.

தலையில் ஒன்றுமில்லை என்றார்கள். காலுக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டாள். சபையில் எனக்காகச் சாட்சி சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். எல்லாம் நல்லபடி முடிந்த கதை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு அந்த நாற்காலியிலிருந்து எழுந்த மாதிரியே இல்லை.

நான் இயேசுவோடு பேசத் தெரியாதவள் அல்ல. அதுதான் வேதனை. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்த முதல் இரண்டு வருடம், பகல் முழுக்கத் தமிழில் பேச எனக்கு அவர் ஒருவர்தான் இருந்தார். கணவர் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார். எதிர்வீட்டு மராத்திக்கார அம்மா ஏதாவது கேட்டால் சிரிப்பேன், வேறு வழியில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பாத்திரம் விளக்கியபடி அவரிடம் எல்லாவற்றையும் சொல்வேன். பால்காரர் என்னைத் திட்டினாரா, விசாரித்தாரா என்று தெரியவில்லை என்பேன். இன்றைக்குப் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்பேன். அம்மாவைத் தேடுகிறது என்று சொல்லி அழுவேன். முழங்கால் போட்டது கிடையாது. தொடக்கமும் முடிவும் கிடையாது, காலையில் விட்ட பேச்சை மத்தியானம் அப்படியே பிடித்துக்கொள்வேன். பக்கத்து அறையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதில் அப்போது எனக்குத் துளி சந்தேகமும் இருந்ததில்லை.

அது எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். ஒருநாளில் நிற்கவில்லை. இந்தி வந்தது, மராத்தி வந்தது, வேலை கிடைத்தது, மகள் பிறந்தாள். சபையில் ஒருமுறை ஜெபிக்கச் சொன்னார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்த முறை இன்னும் நன்றாக ஜெபித்தேன். நாலு பேர் கேட்க அவரிடம் பேசிப் பேசி, யாரும் கேட்காதபோது பேச ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது. வேதம் வாசிப்பதை நான் ஒருநாளும் விட்டதில்லை. வருடத்துக்கு ஒருமுறை முடித்துவிடுவேன். அட்டவணையில் கட்டம் கட்டமாகக் குறி போட்டிருக்கிறேன். அத்தனை குறிகளுக்கு நடுவில் அவரை நான் கடைசியாக எங்கே பார்த்தேன் என்று தெரியவில்லை.

மகள் ஹாலில் கட்டிலில் கிடந்த மாதங்களில் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். வேதத்தை மூடியே வைத்தேன். பேச முயன்றேன். "அன்பின் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தால் பாதை தானாக மருத்துவர்களுக்கு ஞானம், குடும்பத்துக்குச் சமாதானம் என்று ஓடும். நிறுத்துவேன். மறுபடி ஆரம்பிப்பேன். ஒருநாள் சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, நீ என்ன ஜீசஸ்க்கு ஆஃபீஸ் மெயில் போடுறியா?"

"தூங்கலியா நீ?"

"எப்டி தூங்க? டியர் சார், வித் ரெஃபரன்ஸ் டு அவர் டெலிஃபோனிக் கான்வர்சேஷன்னு ஓட்டுற. அரே, உன் ரெக்வெஸ்ட் அவருக்குப் புரிஞ்சிருச்சும்மா. கம்ப்ளெயின்ட் டிக்கெட் நம்பர் குடுத்திருப்பாரு."

"வாய மூடு. சாமி காரியத்துல கேலி."

அவள் சிரித்தாள். சிரித்தால் தையல் போட்ட இடம் வலிக்கும், "ஐயோ" என்று தொடையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அழுதேன்.

புதன்கிழமை கூட்டத்தில் ஒருநாள் ஜெபிக்கச் சொன்னபோது தலையை ஆட்டினேன். வேண்டாம் என்றேன். அன்று போயிருந்தது ஒரு பிரசவ வீடு. எல்லோரும் திகைத்துப் போனார்கள்.

"என்னக்கா, தொண்ட கட்டிருச்சா?" என்றாள் ஐக்கியத்தின் செயலாளர். என்னைவிடச் சின்னவள், வாய்த்துடுக்கு அதிகம்.

"இல்ல. நீங்க யாராச்சும் பண்ணுங்க."

"நல்லா இருக்கே! இவ்வளவு நாளும் நீங்க பண்ணுன ஜெபத்துல எத்தன வீட்டுல எங்க சமோசா ஆறிப் போயிருக்கு! இன்னைக்கு எங்கள மாட்டி வுடுறீங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அவளே ஜெபித்தாள். தடுமாறினாள். குழந்தையின் அம்மா பெயரை மறந்து, பாதியில் ஒரு கண்ணைத் திறந்து பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடர்ந்தாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

பத்தாவது மாதம், இந்த மே மாதத்தில், மகள் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெட்ரோவில் போ என்றேன், கேப் வைத்துக்கொள் என்றேன். "எத்தன நாளைக்கும்மா?" என்றாள். திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினாள். எங்கள் வீட்டில் யார் வெளியூர் போனாலும், பரீட்சைக்குப் போனாலும், வாசலில் நிற்க வைத்துத் தலையில் கை வைத்து ஜெபித்துத்தான் அனுப்புவோம். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஜெபம் பண்ணு, லேட் ஆகுது."

ஹெல்மெட்டின் மேல் கையை வைத்தேன். "அன்பின் பரலோக…" என்று வாய் தொடங்கியது. அந்தச் சொற்களை இன்னும் இரண்டடி விட்டால் அவள் மறுபடியும் ஒரு சகோதரி ஆகிவிடுவாள் என்று பயந்து நிறுத்தினேன். நின்றேன். மாடிப்படியில் யாரோ இறங்கிப் போனார்கள். அவள் கண்ணாடிக்குள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"இயேசப்பா," என்றேன், "எனக்கு இவள அனுப்ப மனசில்ல."

அவ்வளவுதான் வந்தது. ஆமென்கூடச் சொல்லவில்லை. மகள் ஒன்றும் கேலி செய்யவில்லை. என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

கதவைச் சாத்தினேன். அதன்பிறகு நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் அவரிடம் சண்டை போட்டேன். அன்றைக்கு நீங்க எங்க இருந்தீங்க, அந்தப் பாலத்துக்கிட்ட, அந்தத் தண்ணிக்கிட்ட, தெனமும் அவ பேரச் சொல்லித்தான அனுப்புனேன் என்று கேட்டேன். பத்து மாதமாக இதுதான் தொண்டைக்குள் நின்றிருக்கிறது. இதைச் சொல்லக்கூடாது என்று நானே அடைத்து வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் சமாதானத்தைக் கேட்டு வாங்கித் தருகிறவள் இப்படிக் கேட்கலாமா? கேட்டேன். சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தக் காலைப் பொழுதில் நான் வீட்டில் தனியாக இருக்கவில்லை. அதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

எட்டு பத்துக்குக் கைபேசியில் செய்தி வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று, கட்டைவிரல் படத்தோடு.

இப்போது இதுதான் எங்கள் காலை. ஏழரைக்கு அவள் கிளம்புகிறாள். செய்தி வர நாற்பது நிமிடம் ஆகிறது, மழை நாளில் ஐம்பது. அதுவரை நான் அவரோடு பேசுகிறேன். இந்நேரம் தாபோடி பாலம் தாண்டியிருப்பாளா, சிக்னலில் நிற்பாளா என்று அவரிடமே கேட்கிறேன். பயமாக இருக்கிறது என்று நாளுக்கு நாலு முறையாவது சொல்கிறேன். வேறு பேச்சும் நடுவில் வருகிறது: கணவரின் சர்க்கரை, ஆஃபீஸில் புதிதாக வந்த மேனேஜர், என் முட்டி வலி. பழைய நாட்களின் வாசனை சில சமயம் லேசாக அடிக்கிறது.

செய்தி வந்ததும் நின்றுவிடுகிறது.

அதுதான் என் குறை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்த நொடியில் எனக்கு அவர் தேவையில்லாமல் போகிறாரோ என்று இருக்கிறது. நேற்று வேண்டுமென்றே கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வந்துட்டாளாம்" என்று அவரிடம் சொன்னேன். பிறகு சொல்ல ஒன்றும் இல்லை. போசரிக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன், அவராவது ஏதாவது பேசட்டும் என்று.