மாவை விட்டவங்களும் மாவு விக்கிற நானும்

இட்லி மாவு விற்கிற தொழிலுக்குக் கரண்டும் வெயிலும்தான் பகை என்று இருபது வருசமாக நினைத்திருந்தேன். இப்போது செல்போனும் சேர்ந்துகொண்டது. கரண்டு போனால் கிரைண்டர் நிற்கும், வெயில் ஏறினால் மாவு புளிக்கும், இரண்டுக்கும் ஏதோ ஒரு வழி உண்டு. போனுக்குள் இருந்துகொண்டு ஒரு தம்பி "மாவுச்சத்தை விடுங்க" என்று சொன்னால் அதற்கு என்ன செய்வது? ராசிபுரத்தில் என் கடை முன்னால் சாயங்காலம் நின்ற கூட்டத்தில் பாதி, அந்தத் தம்பி பேச்சைக் கேட்டு நகர்ந்துவிட்டது. இதைப் படிக்கிறவர்களில் பரோட்டாக் கடைக்காரர், பேக்கரிக்காரர் யாராவது இருந்தால் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

அரைச்சாத்தான் மாவு

எங்கள் தெருவில் தறி வைத்திருக்கிற வசந்தா தினமும் ஒரு பாக்கெட் வாங்குகிறவள். பத்து நாளாக ஆளைக் காணோம். ஒரு நாள் கடையைத் தாண்டிப் போனவளைக் கூப்பிட்டு, "ஏன் வசந்தா, மாவுல ஏதாச்சும் குத்தமா?" என்று கேட்டேன். குற்றமெல்லாம் இல்லையாம். போனில் வருகிற உடற்பயிற்சித் தம்பி சொன்னபடி மாவுச்சத்தை அடியோடு விட்டுவிட்டாளாம். இட்லி, தோசை, சப்பாத்தி, ஆப்பம் எதையும் தொடுவதில்லையாம்.

"அப்பறம் என்னத்தைத் திங்கற?"

"சோறுதானுங்க. காலையில பழைய சோறு, மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரிக்கு மிச்சஞ்சோறு."

இதில் உடம்பு இளைக்கவில்லை என்று வருத்தம் வேறு. நானும் அதே அரிசியைத்தானே அரைக்கிறேன் என்றேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள்: "அரைச்சாத்தானுங்கக்கா மாவு, அரைக்காத வரைக்கும் அது அரிசிதானுங்களே."

யார் பேச்சை நம்பறது

வசந்தா கதை சிரிப்போடு போய்விட்டது. செல்வராசு கதை அப்படி இல்லை. அவர் நாமக்கல்லில் இருந்து கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டுகிற டிரைவர். வீடு எங்கள் பின்தெருவில். சர்க்கரை வந்து ஏழெட்டு வருசம் ஆகிறது. காலையில் மாத்திரை போடாமல் வண்டியில் ஏறமாட்டார், அந்த மட்டுக்கும் ஒழுங்கான ஆள்.

ஒரு நாள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வசந்தா சொன்ன அதே தம்பி. சட்டை போடாமல், கையை முறுக்கிக் காட்டிக்கொண்டு, பின்னால் இரும்புத் தட்டுகளை அடுக்கி வைத்துப் பேசுகிறார். சர்க்கரை ஒரு வியாதியே இல்லையாம், காலைச் சாப்பாடுதான் வியாதியாம். ஒரு மணி வரைக்கும் வயிற்றைக் காயப்போட்டு, அப்புறம் முட்டையும் வெண்ணெயும் கறியும் சாப்பிட்டால் போதுமாம்.

"இந்தத் தம்பிக்குச் சர்க்கரை இருக்குதா சாமி?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்றார். "இல்லாதவரு எப்படி இருக்கறவங்களுக்குச் சொல்றாரு? உனக்கு மாத்திரை கொடுக்கிற டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கோ. நீ ஸ்டீரிங் பிடிக்கிற ஆளு" என்றேன். செல்வராசு போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "நீங்க மாவு விக்கிறவங்க, வேற எப்படிக்கா பேசுவீங்க?"

லோடு போனால் தோசை

அந்தப் பேச்சு மூன்று நாள் என்னை விடவில்லை. ஏனென்றால் அதில் பொய் இல்லை. ஊரெல்லாம் தோசை சாப்பிட்டால்தான் எனக்குப் பிழைப்பு. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு மாசத்தில் செல்வராசு வயிறு உள்ளே போனது வாஸ்தவம். பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டுக்கொண்டு நடந்தார்.

அவர் மனைவி தனம் மட்டும் என்னிடம் வருவதை விடவில்லை. பாக்கெட்டை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போவாள். "மனுசன் இளைச்சது நல்லதுதானுங்கக்கா. ஆனா பத்து மணியானா எரிஞ்சு எரிஞ்சு விழறாரு. கை நடுங்குதுன்னு அவரே சொல்றாரு. வண்டியில ஒத்தையா வேற போறாரு" என்று கண்ணைத் துடைத்தாள். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு மாவு எதற்கு என்று கேட்டேன். "லோடு ஏத்திட்டுப் போனா ரெண்டு நாளைக்கு எங்களுக்குத் தோசைங்க, வண்டி திரும்பிட்டா மறுபடி முட்டைதானுங்க."

டப்பா

பிறகு ஒரு நாள் செல்வராசு கையில் ஒரு பெரிய டப்பாவோடு வந்தார். உள்ளே போட்டு அனுப்பியிருக்க வேண்டிய கரண்டியைக் காணோமாம், என் தராசில் முப்பது கிராம் நிறுத்துத் தரவேண்டுமாம். மூடியைத் திறந்தால் வெள்ளைப் பொடி, ஐஸ்கிரீம் வாசம். புரோட்டீன் பவுடராம். யார் விற்கிறது என்று கேட்டேன். அந்தத் தம்பியேதான். தம்பி பெயரைச் சொல்லி வாங்கினால் விலை குறைவாம்.

"நான் மாவு விக்கிறவ, அதனால என் பேச்சை நம்பக்கூடாது. அவரும் மாவுதானே சாமி விக்கிறாரு?" என்றேன். இதற்கு மேல் இவர் என்ன சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பாலுல இருந்து எடுத்ததுங்க, உங்களுது கிரைண்டர்ல ஆட்டினது, ரெண்டும் ஒண்ணாகுங்களா?"

முன்னாடி

அதற்கடுத்த வாரம், காலை பதினொன்றரை இருக்கும். நாமக்கல்லில் லோடு ஏற்றி வண்டி தயாராக நிற்கிறது என்று பஸ் ஏறப் போன செல்வராசு, என் கடைக்குள் நுழைந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. விரல்கள் தந்தி அடித்தன. "என்ன சாமி" என்றால், சம்பந்தமில்லாமல் பாலக்காட்டு டோல்கேட்டைப் பற்றி ஏதோ குழறுகிறார். என் ஊட்டுக்காரருக்கும் சர்க்கரை இருந்தது. அந்த வேர்வையை எனக்குத் தெரியும். சும்மா பேச வந்து கடையில் நின்ற வசந்தாவைப் பக்கத்து டீக்கடைக்கு ஓடவிட்டுச் சர்க்கரை வாங்கிவரச் சொல்லித் தண்ணீரில் கரைத்தேன்.

டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டார். "வேண்டாங்கக்கா, நாப்பது நாள் வீணாப் போயிரும்" என்றார். அந்தக் குழறலிலும் அது மட்டும் தெளிவாக வந்தது. "வண்டி வீணாப் போகும், எதுக்க வாரவன் வீணாப் போவான், வாயத் தொற" என்று அதட்டினேன். வசந்தா தாடையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். கால்மணி நேரத்தில் கண்ணில் தெளிவு வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் கழித்து இதே மயக்கம் வந்திருந்தால் ஆள் கேரளா ரோட்டில் லோடு வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார்.

பட்டினி கிடக்கிறவர் மாத்திரையைப் போட்டாரா, விட்டாரா என்று கேட்டேன். ஒரு நாளும் விட்டதில்லையாம், விடிகாலை ஆறு மணிக்கே போட்டுவிடுவாராம். சர்க்கரையை இறக்குகிற மாத்திரை உள்ளே போய் வேலை செய்துகொண்டிருக்கிறது, வயிற்றில் இறக்குவதற்கு ஒன்றும் இல்லை. "சோறு இல்லாம அதை ஏன் போட்ட?" என்றேன். மனுசர் பையில் இருந்து டாக்டர் எழுதின சீட்டையே எடுத்துக் காட்டினார்: "சாப்பாட்டுக்கு முன்னாடின்னுதானுங்க போட்டிருக்குது, ஆறு மணி ஒரு மணிக்கு முன்னாடிதானுங்களே."

சின்ன எழுத்து

அன்றைக்கு அந்த லோடு வேறொரு டிரைவரோடு போனது. தனமும் நானும் செல்வராசுவை, அவருக்கு மாத்திரை எழுதித் தருகிற டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். அந்த அம்மா திட்டவில்லை. இளைத்தது நல்லதுதான் என்றார். ஆனால் சாப்பாட்டைக் குறைத்தால் மாத்திரையையும் பார்த்துக் குறைக்கவேண்டும், அதை மருந்து எழுதினவங்கதான் செய்யவேண்டும் என்றார். 'முன்னாடி' என்றால் அரை மணி நேரம் முன்னாடி என்று சீட்டில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். எனக்கு ஒரு சின்ன ஆசை. "அப்ப தோசை சாப்பிடலாமுங்களா?" என்று நடுவில் நுழைந்தேன். "ரெண்டு. அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார்.

செல்வராசு விடவில்லை. நடந்ததை எல்லாம் அந்தத் தம்பியின் வீடியோவுக்குக் கீழே எழுதிப் போட்டார். மூன்றாம் நாள் பதில் வந்தது. கடைக்கு வந்து எனக்குப் படித்துக் காட்டினார். டாக்டரைக் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்று ஒவ்வொரு வீடியோவிலும் போட்டிருக்கிறாராம், பார்க்காதது யார் தப்பு என்று கேட்டிருந்தார். தேடினோம். இருந்தது. கடைசியில், இங்கிலீசில், மின்னி மறைகிற ஒரு வரி. செல்வராசு அதை நிறுத்தி, விரலால் பெரிசாக்கிப் படித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொன்னதைத்தானுங்க அவரும் போட்டிருக்காரு, என்ன, எறும்பு அளவுல போட்டிருக்காரு."

செல்வராசு இப்போது எட்டு மணிக்கு இரண்டே தோசை சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுகிறார், என்னிடம் வாங்குவது முன்னைக்குப் பாதிதான் என்றாலும் வாங்குகிற ஆள் இருக்கிறாரே என்று நான் பாக்கெட்டைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.